ஃபிஸ்கே-சுப்பாராவில் அந்த சுப்பாராவ்

பயோகெமிஸ்ட்ரி படித்த யாரையாவது பிடித்து "சுப்பாராவ் தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஃபிஸ்கே-சுப்பாராவ் மெத்தட் தானே? பாஸ்பரஸ் எஸ்டிமேஷன்!"ன்னு பட்டுன்னு பதில் வரும். "சரி, ஆளைத் தெரியுமா?"ன்னு அடுத்த கேள்வி கேட்டால் முழிப்பாங்க. நான் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் எங்க லேப் மேனுவலும் அப்படித்தான் இருந்தது. அமிலம் எத்தனை மில்லி, மாலிப்டேட் எத்தனை மில்லி, எத்தனை நிமிஷம் வைக்கணும் எல்லாம் இருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிக் தேறியவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டருக்குப் படித்தவர் என்று ஒரு வரி இருக்காது.

இன்னொரு பக்கம் ஃபார்வர்டு கோஷ்டி. "ஏடிபியைக் கண்டுபிடித்தது ஓர் இந்தியர்! டெட்ராசைக்ளினைக் கண்டுபிடித்தவரும் அவரே! வெள்ளைக்காரன் நோபல் பரிசைத் தராமல் ஏமாற்றிவிட்டான்! இந்தியனாக இருந்தால் பகிரவும்!" இந்த மாதிரி ஒன்று எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வருது. ஒரு பக்கம் ஆளே இல்லாத பேர், இன்னொரு பக்கம் ஆளை விடப் பெரிய கட்-அவுட். ரெண்டுமே அந்த மனுஷருக்கு நியாயம் செய்யலைன்னு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

பரீட்சைக்கு ஆகாத பிள்ளை

யெல்லாப்ரகட சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரத்தில். இன்றைக்கு அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி. அன்றைக்கு மெட்ராஸ் மாகாணம். அதனால் படிப்புன்னாலும் வேலைன்னாலும் கடைசியில் மெட்ராசுக்குத்தான் ரயிலேறணும். அப்பா வருவாய்த் துறையில் உத்தியோகம். சுமாரான குடும்பம்.

பையன் படிப்பில் புலியெல்லாம் இல்லை. பதிமூணு வயசில், காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம்னு வீட்டை விட்டுக் கிளம்பி, பாதி வழியில் பிடித்துக் கொண்டு வரப்பட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை, அதுவும் மெட்ராசுக்கு வந்து இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் தேறினார். (இதே பள்ளியில் 1920களில் படித்த இன்னொரு பையன் எஸ். சந்திரசேகர். பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினவர். பெரிய தெரு பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு வாங்க.)

பிறகு பிரசிடென்சி காலேஜில் இன்டர்மீடியட், அதற்குப் பிறகு மெடிக்கல் காலேஜ். அது ஒத்துழையாமை இயக்கக் காலம். சுப்பாராவ் கதருக்கு மாறினார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை ஒழுங்காக எழுதியும் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். மெட்ராஸ் அரசு மருத்துவப் பணிக்கு முயற்சி செய்தார், கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் ஆசந்த லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுக்கும் வேலை.

அவருடைய சகோதரர்கள் ரெண்டு பேர் ஸ்ப்ரூ என்கிற நோயில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. பேதி, நாக்கில் புண், ரத்தசோகை, அப்படியே கரைந்து போவது. சுப்பாராவுக்கும் அது வந்தது, லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். இந்த ஸ்ப்ரூவை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

மூணு வருஷத்தில் வந்துடறேன்

1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். மாமனார் வீட்டு உதவியும், காக்கிநாடாவில் இருக்கும் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் சேர்ந்து டிக்கெட். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்து டிப்ளமா வாங்குவதுதான் திட்டம். மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பிணி. மூணு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வரவே இல்லை. பிறந்த மகன் ஒரு வயசு கூட ஆகாமல் இறந்து போனான். அப்பா முகத்தை அந்தக் குழந்தை பார்க்கவில்லை, குழந்தை முகத்தை அப்பாவும் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை. சுப்பாராவைப் பற்றிய புகழ்மாலைகளில் இந்த இடம் ஒரு வரியில் கடந்து போகும். "அறிவியலுக்காகக் குடும்பத்தைத் தியாகம் செய்தார்"னு எழுதிடுவாங்க. தியாகம் பண்ணினது யாருன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

பாஸ்டனில் அவருடைய எல்.எம்.எஸ்.ஸை வைத்துக்கொண்டு டாக்டராக வேலை பார்க்க முடியாது. அதனால் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நோயாளிகளின் மலஜல பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை வரை பார்த்தார். டிப்ளமா முடிந்ததும் ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூலின் பயோகெமிஸ்ட்ரி துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். உண்மையான கதை இங்கேதான் ஆரம்பம்.

நீல நிறம்

ஃபிஸ்கேயின் பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பேட் எவ்வளவு இருக்குன்னு அளக்கணும். மாலிப்டேட் சேர்த்தால் பாஸ்பேட் அதோடு கூட்டு சேரும், அதை ஒடுக்கினால் நீல நிறம் வரும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட்டும் அவ்வளவு. இந்த அடிப்படை அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். 1920ல் பெல்-டாய்சி முறை, 1922ல் பிரிக்ஸ் முறை என்று ரெண்டு வழிகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் நிறத்தை வரவழைக்கப் பயன்பட்டது ஹைட்ரோகுவினோன். ஆனால் அதில் வேகமும் போதாது, நம்பகமும் போதாது.

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் செய்தது அந்த ஒடுக்கியை மாற்றியதுதான். அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் என்று ஒன்று. லேபில் அதற்குச் செல்லப்பேர் "அன்சா". அதைப் போட்டால் அமிலக் கரைசலிலேயே நிறம் சீக்கிரம் வந்துவிடும். அஞ்சு நிமிஷத்தில் அளந்துவிடலாம். அன்றைக்கு இப்போதைய மாதிரி ஒளிமானி எல்லாம் கிடையாது. ரெண்டு குழாய்களின் நீலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்து ஒப்பிடும் கருவிதான். 1925ல் ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ரியில் கட்டுரை வந்தது. எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறோம். அன்சாவைக் கரைக்கச் சேர்க்கும் பைசல்ஃபைட்டின் நெடி எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கு.

"இவ்வளவுதானா? ஒரு கெமிக்கலை மாத்தினதுக்கா இத்தனை பில்டப்பு?"ன்னு கேட்காதீங்க. அடுத்து என்ன ஆச்சுன்னு பாருங்க.

அடங்காத ஒரு குழாய்

இந்த முறையைப் பூனையின் தசையில் எடுத்த சாற்றில் போட்டுப் பார்த்தார்கள். ஒப்பிட வைத்த ஸ்டேண்டர்ட் குழாய் சொன்னபடி சீக்கிரம் நீலமாகிவிட்டது. தசைச்சாறு இருந்த குழாயோ சண்டி பண்ணியது. நிறம் மெதுவாக வந்தது, வந்த பிறகும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

நம்ம லேபாக இருந்தால் "ரீடிங் சரியா வரலை, திரும்பப் பண்ணு"ன்னு சிங்க்கில் ஊற்றியிருப்பாங்க. இவர்கள் ஊற்றவில்லை. நிறம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பாஸ்பேட் புதிதாக வெளியே வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் தசைக்குள் பாஸ்பேட்டைக் கட்டி வைத்திருக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அமிலமும் மாலிப்டேட்டும் பட்டால் அது உடைகிறது. அது வரைக்கும் எல்லாரும் "தனி பாஸ்பேட்"னு அளந்து எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு பெரிய பங்கு தனியாக இருந்ததே இல்லை!

அதுதான் பாஸ்போகிரியேட்டின். கிரியேட்டின் ஒன்று, பாஸ்பேட் ஒன்று, ரெண்டும் கை கோர்த்தது. தசையை மின்சாரத்தால் தூண்டினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மறுபடி சேர்கிறது. 1927ல் அறிவித்தார்கள். அதே வருஷம் லண்டனில் பிலிப் எக்கிள்டன், கிரேஸ் எக்கிள்டன் தம்பதியும் தனியாக இதே பொருளின் தடத்தைப் பிடித்து "பாஸ்பாஜன்" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது கிரியேட்டினும் பாஸ்பேட்டும் சேர்ந்தது என்று சரியாக அடையாளம் சொன்னது ஹார்வர்டு ஜோடி.

இதன் முக்கியத்துவம் புரியணும்னா அந்தக் காலத்து நம்பிக்கையைப் பார்க்கணும். தசை சுருங்கக் காரணம் லாக்டிக் அமிலம்தான் என்பது அன்றைய பாடம். தசை ஆய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபலே கொடுத்தாச்சு. அந்தப் பாடத்தில் முதல் விரிசல் இந்தக் கண்டுபிடிப்பு. 1930ல் டென்மார்க்கில் லுண்ட்ஸ்கார்ட் லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கும் என்று காட்டியபோது விரிசல் உடைப்பாகிவிட்டது.

அடுத்தது ஏடிபி. தசையில் இன்னும் ஒரு பாஸ்பேட் சேர்மம் இருப்பதைப் பிடித்து 1929ல் வெளியிட்டார்கள். அதே 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். ஆக, "கண்டுபிடித்தது இந்தியர்" என்பதும் பாதி உண்மை, "கண்டுபிடித்தது லோமன்" என்று மட்டும் எழுதும் பாடப் புத்தகமும் பாதி உண்மை.

ஹார்வர்டு கொடுத்ததும் கொடுக்காததும்

1930ல் ஹார்வர்டு அவருக்குப் பி.எச்டி. கொடுத்தது. பாஸ்போகிரியேட்டின், ஏடிபி ரெண்டும் ஏற்கெனவே கையில் இருந்த ஆளுக்கு அப்புறம்தான் டாக்டர் பட்டம்! ஆனால் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. இன்னும் பத்து வருஷம் அங்கேயே கீழ்மட்டப் பதவிகளில் ஓடியது.

இதே ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். 1988ல் மருத்துவ நோபல் வாங்கியவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பின்னாளில் மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்றும், அந்த வேலை வெளியே வராமல் போனதற்கு ஃபிஸ்கேயின் பொறாமைதான் காரணமாகத் தெரிகிறது என்றும் அவர் பிற்காலத்தில் சொன்னார். ஃபிஸ்கே பக்கத்து நியாயம் நம் கையில் இல்லை. ஆனாலும் கூடவே இருந்த ஒருவர், அதுவும் நோபல் வாங்கின பிறகு யாரையும் குளிர்விக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் சொன்னது என்பதால் தள்ளிவிடவும் முடியலை.

அமெரிக்காவில் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று 1923ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. 1946ல் சட்டம் மாறும் வரை அதே நிலைமை. தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அவர் அங்கே அன்னியராகத்தான் இருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஈரலில் இறங்கியிருந்தார். ஒருவகைக் கொடிய ரத்தசோகைக்கு ஈரல் சாப்பிடக் கொடுத்தால் குணமாகிறது என்று மைனாட்டும் மர்ஃபியும் 1926ல் காட்டியிருந்தார்கள். ஈரலில் என்னதான் இருக்கு என்று உலகமே தேடிக்கொண்டிருந்த நேரம். ஸ்ப்ரூவில் சகோதரர்களைப் பறிகொடுத்தவருக்கு அந்தத் தேடல் வெறும் ஆராய்ச்சித் தலைப்பாக மட்டும் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பேர்ல் ரிவர்

1940ல் ஹார்வர்டை விட்டு லெடர்லே என்ற மருந்து கம்பெனிக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊர். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரும் ஆனார். எட்டே வருஷம்தான் அங்கே இருந்தார். அந்த எட்டு வருஷத்துக் கணக்கைப் பாருங்க:

1. ஃபோலிக் அமிலம். லெடர்லே குழு ஈரலிலிருந்து பிரித்து, 1945ல் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவுக்கு வேலை செய்தது! சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து வந்தபோது, அவர்கள் இறந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்றைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்ந்து வருவதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

2. ஃபோலிக் அமிலத்துக்கு எதிரிகள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலேட் கொடுத்தால் நோய் வேகமாவதைக் கவனித்தார். அப்படீன்னா ஃபோலேட்டைத் தடுத்தால்? தடுக்கும் பொருளை லெடர்லே வேதியியலாளர்கள் செய்து கொடுத்தார்கள். அதுதான் அமினோப்டெரின். 1948 ஜூனில் வந்த ஃபார்பரின் கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நல்ல மாற்றம். தற்காலிகம்தான், ஆனால் அது வரைக்கும் அந்த நோயில் மருந்து கொடுத்து அப்படி ஒரு மாற்றத்தை யாரும் காட்டியதில்லை. அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கு, புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும்.

3. டைஎத்தில்கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு எதிரான மருந்து, 1947. யானைக்கால் ஒழிப்புக்காக ஊர் ஊராக எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? 2004லிருந்து நாடு முழுக்கப் பெரிய அளவில் நடந்தது. அந்த மாத்திரை இதுதான்.

4. ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாட்டிக், 1948.

அந்த வருஷம் ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு படுத்தவர் மறுநாள் எழவில்லை. வயசு 53. மெட்ராஸ் ஒரு படி கீழே இறக்கி அனுப்பிய டாக்டர்.

யாருக்கு எவ்வளவு?

இப்போ அந்த ஃபார்வர்டுக்கு வருவோம். ஆரியோமைசினைக் கண்டுபிடித்தது பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர், எழுபது வயசுக்கு மேல் லெடர்லேயில் வேலை பார்த்தவர். மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தார். சுப்பாராவ் அந்த ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர், அவ்வளவுதான். டி.இ.சி., ஃபோலிக் அமிலக் கட்டுரைகளில் வரிசையாகப் பல பேர் இருக்கிறார்கள். அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் ஃபார்பருடையது. ஏடிபியில் லோமனுக்குச் சம பங்கு. பாஸ்போகிரியேட்டினில் எக்கிள்டன் தம்பதிக்கும் பங்கு உண்டு.

இப்படி ஒவ்வொருத்தருக்கும் உரியதைக் கழித்த பிறகும் பாக்கி இருப்பது எவ்வளவு பெரிசுன்னு பாருங்க! அடுத்தவர் பங்கைப் பிடுங்கிக் கொடுத்து சுப்பாராவைப் பெரியவர் ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம அப்படிப் பிடுங்கினால், ஃபிஸ்கே செய்ததாக ஹிச்சிங்ஸ் சொன்னதற்கும் நாம செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

என்னைக் கேட்டால் அந்த மருந்துப் பட்டியலை விடவும் அவருடைய சொத்து என்று சொல்லத் தோன்றுவது அந்த 1925 கட்டுரையைத்தான். சரியாக அளக்க ஒரு வழி செய்தார்கள். அளவு சரியாக இருந்ததால்தான் தசைக்குழாயின் சண்டித்தனம் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதைத் தவறு என்று ஊற்றாமல் உட்கார்ந்து பார்த்ததால் பாஸ்போகிரியேட்டின். அந்தப் பழக்கமே ஏடிபிக்கும் வழி காட்டியது. மெட்ரிகுலேஷன் பரீட்சை ரெண்டு தடவை, எல்.எம்.எஸ். ஒரு தடவை, ஹார்வர்டு பதவி ஒரு தடவை. அவரை அளந்த அளவுகோல்கள் எல்லாம் கோணலாகவே இருந்தன. அந்த ஆள் உலகத்துக்கு ஒரு நேரான அளவுகோலைச் செய்து கொடுத்துட்டுப் போயிருக்கார்.

1953ல் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசெஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. எஸ்.பி.கே. குப்தா என்ற பத்திரிகையாளர் பல வருஷம் அலைந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார், 1987ல் வெளிவந்தது. ஆங்கிலம்தான். கிடைத்தால் விடாதீங்க.

வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினைன்னு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால், அதில் பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 2.5லிருந்து 4.5 வரை நார்மல் என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். இன்றைக்கு மெஷின்தான் அளக்கிறது, முறையும் பல இடத்தில் மாறியாச்சு. ஆனாலும் அந்த எண்ணைச் சட்டுன்னு, நம்பகமாகப் பெற வழி பண்ணினவங்களில் ஒருத்தர் நம்ம திருவல்லிக்கேணியில் மூணாவது தடவை பரீட்சை எழுதிப் பாஸானவர். வீட்டுல பத்தாவது பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைங்க இருந்தா இந்தக் கதையைச் சொல்லுங்க. சொல்லும்போது சேஷகிரி அம்மாளையும் விட்டுடாதீங்க.